மோச்சிப் பீரங்கி

கூரையைத் தாண்ட வேண்டிய மோச்சி உருண்டை தமாகியின் கால் விரலிலேயே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி எறிந்தார். மறுபடியும் அதே விரல்.

மாவு ஆலையில் மூட்டை சரிந்து தோளில் விழுந்ததிலிருந்து அவருடைய வலது கை தோளுக்கு மேலே ஏறுவதில்லை. ரெண்டு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி கஸுயோவுக்கு மட்டும் தெரியும். சட்டை மாட்டிவிடுகிறவள் ஆயிற்றே.

இந்த வருஷம் அவருக்கு அறுபது பிறந்துவிட்டது. அந்த ஊரில் அறுபது ஆனவர்கள் திருவிழா அன்று சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு கோயில் மேடையில் ஏறி, ஒட்டும் அரிசியை இடித்து உருட்டிப் பையில் கட்டிய மோச்சிகளைக் கூட்டத்துக்கு வீச வேண்டும். ஊரே ஏப்ரனை விரித்துக்கொண்டு கீழே நிற்கும். ஆலையின் பிரிவுத் தலைவர் ஹமாகுச்சியும் நிற்பார். சிக்கல் அவர்தான். அறுபதுக்கு மேல் வேலை நீட்டிப்பு, உடம்பு ஒத்துழைப்பவர்களுக்கு மட்டும். முடிவு ஹமாகுச்சியுடையது. ஓய்வூதியம் கைக்கு வர இன்னும் ஐந்து வருஷம் கிடக்கிறது.

"தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கோங்களேன்" என்றாள் கஸுயோ.

"அறுபதுல படுத்தா, இனி எழுந்திரிக்க மாட்டான்னு கணக்கை முடிச்சிருவாங்க."

இடது கையால் வீசிப் பார்த்தார். மோச்சி பக்கத்து வீட்டு ஊறுகாய்ப் பீப்பாயில் போய் விழுந்தது. வேலியோரம் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அப்போதுதான் அந்த வால்வு நினைவுக்கு வந்தது. ஆலையில் பழைய தூசி வடிகட்டியைப் பிரித்துப் போட்டபோது, கேட்டு வாங்கி வந்தது. வடிகட்டிப் பைகளில் ஒட்டிய மாவை ஒரே காற்றடியில் உதறிவிடுகிற வால்வு. கண் இமைப்பதற்குள் திறந்து மூடும். இப்படிப்பட்ட கழிவுச் சாமான்களில் காற்றால் ஓடும் பொருள்கள் செய்வது தமாகிக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அவர் வீட்டுச் செருப்பு அலமாரி காற்றில்தான் திறக்கும். திறக்கும்போது செருப்பும் கூடவே வெளியே வரும்.

லாரியிலிருந்து கழற்றிய காற்றுத் தொட்டி, அதன் வாயில் இந்த வால்வு, அதற்கு மேலே தடித்த பிளாஸ்டிக் குழாய், தொட்டியில் காற்றை ஏற்ற ஒரு கம்ப்ரசர். பொத்தானை அமுக்கினால் போதும், கையைத் தூக்கவே வேண்டாம். திருவிழாக் குழுவிடம் போய், இந்த வருஷம் கூட்டத்துக்கு ஒரு புதுமை காட்டப் போவதாகச் சொன்னார். குழுத் தலைவர் அன்று மாலையே ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். அடுத்த ஊர்க்காரர்களும் வருவதாகச் செய்தி வந்தது. ஹமாகுச்சிக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

இனிப் பின்வாங்க வழியில்லை.

முதல் வெள்ளோட்டத்தில் மோச்சி பையைக் கிழித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட போர்வையில் அப்பிக்கொண்டது. மறுபடி வேலியோரம், மறுபடி மன்னிப்பு. அழுத்தத்தைக் குறைத்தார். மோச்சி, தூங்குகிறவன் வாயில் எச்சில் வடிகிற மாதிரி குழாயிலிருந்து வழிந்தது. ஈரம்தான் காரணமென்று வெயிலில் காயவைத்தார். காய்ந்தது கல்லாகி, சொந்தக் கொட்டகைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது.

"ஜனங்க ஏப்ரனோடதான் வருவாங்க. தலைக்கவசத்தோட இல்ல" என்றாள் கஸுயோ.

மறுபடி புது மோச்சிக்கே வந்தார். பை குழாயில் ஒட்டாமலிருக்க உள்ளே உருளைக்கிழங்கு மாவை வாரித் தூவினார். வழுவழுவென்று போயிற்று. கொல்லையில் ஏவியதெல்லாம் வளைந்து போய் அழகாகப் புல்லில் விழுந்தது. அன்றைக்குத்தான் தமாகி வயிறாரச் சாப்பிட்டார்.

திருவிழா நாளில் கைநிறைய மாவு தூவினார், எதற்கும் இருக்கட்டுமென்று. குழாய் நிறைய மோச்சியை அடுக்கினார். கீழே ஏப்ரன்கள் விரிந்தன. ஹமாகுச்சி தன் துணிப்பையை வாய் பிளந்து பிடித்தார். தமாகி வணங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஆயுசெல்லாம் மாவை உதறித் தள்ளிய அந்த வால்வு, மாவு அடைத்துச் சிக்கி நின்றது. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் அழுத்தம் ஏறியது. கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. தமாகி அங்கிக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்து, இடது கையால் வால்வை லேசாகத் தட்டினார்.

அத்தனை மோச்சியும் ஒரே மூச்சில் கிளம்பியது. கூட்டத்தைத் தாண்டி, கோயில் வாசல் வளைவைத் தாண்டி, ஆற்றில் போய் விழுந்தது. ஊரே தலையைத் திருப்பி அதைப் பார்த்தது. வாத்துகள் கூடின. பின்னாலேயே வந்த மாவு, மெதுவாக, பாரபட்சம் இல்லாமல், எல்லோர் மேலும் இறங்கியது.

கிழவிகள் மட்டும் ஏப்ரனைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார்கள்.

புருவம்வரை வெளுத்துப்போன ஹமாகுச்சி மேடைப்படி ஏறி வந்தார். பின்னால், பொதி கட்டும் பிரிவு சதாயே, மாவை உதறிக்கொண்டே வந்தாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறதென்று தமாகி இடுப்பு வளைய வணங்கினார்.

"தலைவரே, எனக்கு வலது கை மேலே ஏறாது. உங்ககிட்ட மறைக்கத்தான் இத்தனையும் செஞ்சேன். வேலை இல்லைன்னு சொல்லிடுங்க, ஏத்துக்கறேன்."

ஹமாகுச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கட்கிழமை கையெழுத்துக்குப் பதிலா குத்தற முத்திரைக்கட்டையை எடுத்துட்டு வாங்க, தமாகி சான். நீட்டிப்புக் காகிதம் போன மாசமே தயார்."

தமாகிக்குப் புரியவில்லை. "கை விஷயம் தெரிஞ்சுமா?"

ஹமாகுச்சி சங்கடத்துடன் ஆற்றைப் பார்த்தார். பதில் சொன்னது சதாயேதான்.

"தினமும் காலையில ரேடியோவைப் போட்டு ஆலையே நின்னு உடற்பயிற்சி செய்யறோம். முன் வரிசையில நின்னுகிட்டு நீங்க ஒரு கையைத்தானே தூக்கறீங்க, அண்ணே. உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு, பின்னாடி நிக்கிற நாங்க எல்லாருமே ரெண்டு வருஷமா ஒரு கையைத்தான் தூக்கறோம், தலைவர் உட்பட."