சுஜிதனைச் சுற்றி ஒட்டிய ரோசாக்கள்

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். வாசலோரக் கதிரையில் கமலாசனி. அவருக்கு எதிரே பாயில் மருமகள் யதுர்ஷிகா. தையல் மெசின் ஸ்டூலில் பக்கத்து வீட்டு ஜொஹறா. வாசற்படியில் கமலாசனியின் இளைய மகனும் யதுர்ஷிகாவின் கணவனுமான நிருஷன், வவுனியாவில் வேலைசெய்யும் கடையிலிருந்து லீவில் வந்தவன்.

ஐந்தாவது ஆளாகச் சுஜிதனையும் சொல்லலாம். அவன் நடுவில், சீலைத்துணி சுற்றிய சப்பாத்துப் பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருந்தான். கமலாசனியின் மூத்த மகன். யுத்தத்தின் கடைசி மாதத்தில் காணாமற்போனவன். காணாமற்போனோரைப் பதியும் ஒவ்வொரு கந்தோராகக் கமலாசனி கையோடு கொண்டுபோய்க் காட்டிய ஒரே படம் அது. மறுநாள் அவனைத் தேடித்தரக் கேட்கும் மனுவோடு கொழும்புக்குத் தபாலில் போகவேண்டிய படமும் அதுதான்.

"கொப்பி எடுத்து ஒட்டச் சொல்லித்தானே படிப்பிச்சனான்" என்றார் ஜொஹறா. மாதர் சங்கத்தில் துணிப்பெட்டிகளில் படம் ஒட்டப் பழக்குபவர் அவர்.

"கொப்பியில முகம் கறுத்துப்போமக்கா. மனுவுக்கு வேணுமெண்டு எனக்குத் தெரியாது. மாமியின்ர பையுக்குள்ள கிடந்து கசங்குதெண்டுதான்..." என்றாள் யதுர்ஷிகா.

கமலாசனி படத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றி வட்டமாக ஒட்டியிருந்த காகித ரோசாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவை எடு, பிள்ளை."

"அது டிசைன் மாமி."

"செத்த ஆக்களின்ர படத்துக்குத்தான் பூ. இந்தப் பிள்ளை செத்ததெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

யதுர்ஷிகா நகத்தால் கிளப்பினாள். முதல் ரோசா இடது காதோடு வந்தது. இரண்டாவது சேட்டுக் கொலரைக் கொண்டுபோனது.

"நகத்தால இழுக்காத. ஈரத்துணியால துடை" என்றான் நிருஷன்.

துடைத்ததும் மூக்குக் கன்னத்துக்கு நகர்ந்தது.

"மூடிக்குள்ளால அயன்பொட்டியை வைச்சா பசை இளகும்" என்றார் ஜொஹறா.

பசை இளகியது. கண்களும் இளகின. வலது காது மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒரு காதை வைச்சு ஆளைத் தேடுவினமோ?" என்றான் நிருஷன்.

"முழு முகத்தை வைச்சும் தேடேல்லைத்தானே" என்றார் கமலாசனி. பிறகு எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அழுதிருந்தால் யதுர்ஷிகாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பின்னேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிருஷனின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். புதுக்குடியிருப்பில், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் நிஸாரின் ஸ்டூடியோ திறந்திருந்தது.

நிஸார் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொம்பியூட்டரில திருத்தலாம். கண் எப்பிடி இருந்தது?"

"அண்ணா போகேக்க எனக்கு ஆறு வயது நானா. இந்தப் படத்தைப் பாத்துத்தான் எனக்கே முகம் தெரியும்" என்றான் நிருஷன்.

நிஸார் யதுர்ஷிகாவைப் பார்த்தார்.

"நான் போன ஆவணியிலதான் கலியாணம் கட்டி வந்தனான்" என்றாள் அவள்.

"அப்ப தம்பியின்ர கண்ணைத்தான் போடவேணும். ஒரே வயிறுதானே."

நிருஷனைப் படம் எடுத்து, அவனுடைய கண்களை வைத்தார். பழைய மூக்கோடு அவை பொருந்தவில்லை. மூக்கையும் வைத்தார். பிறகு வாய், நாடி. கடைசியில் பழைய படத்தில் எஞ்சியது அந்த ஒற்றைக் காதுதான். வெறுங்கழுத்தைப் பார்க்கச் சகிக்காமல் கோட்டு மாட்டி, ரையும் கட்டிவிட்டார்.

"கோட்டைக் கழட்டுங்கோ நானா. கலியாணத்துக்குப் போய்க் காணாமற்போன மாதிரிக் கிடக்கு" என்றான் நிருஷன்.

நிஸார் கழற்றி, வெள்ளைச் சேட்டுப் போட்டார்.

திரும்பி வரும்போது யதுர்ஷிகா சொன்னாள்: "அவா ஒவ்வொரு நாளும் பாக்கிற முகம். கண்டவுடனை என்னை வீட்டை விட்டுக் கலைப்பா."

"ஆளையும் துலைச்சு, இப்ப படத்தையும் துலைச்சிட்டம்" என்றான் நிருஷன்.

மறுநாள் தபாற்கந்தோரில், மனுவைக் கவருக்குள் வைத்த கமலாசனி படத்துக்குக் கையை நீட்டினார். யதுர்ஷிகா கொடுத்துவிட்டுத் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கமலாசனி அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். பெருவிரலால் ஒருமுறை தடவினார். படத்தைக் கவருக்குள் இட்டு, கவரின் வாயை யதுர்ஷிகாவின் பசையாலேயே ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, கவுண்டருக்குள் நீட்டினார். தபால்காரர் முத்திரை குத்தி, கவரைச் சாக்குக்குள் போட்டார்.

"மாமி, படம் கொஞ்சம் மாறிப்போச்சு" என்றாள் யதுர்ஷிகா.

"ஓம் பிள்ளை. இதுதான் சுஜிதன். நீ பூ ஒட்டின பழைய படம், படமில்லாட்டி மனு எடுக்கமாட்டமெண்டு அவையள் சொன்னபடியால் முகாமில நான் பொறுக்கி எடுத்தது, ஆரோ ஒரு தாயின்ர பிள்ளை."