முகில்மலைக்குக் குடிபோன அரசாங்கம்

முகில்மலையின் அடிவாரத்தில் தென்னவராயம் என்று ஒரு நாடு இருந்தது. அங்கே அரசனைத் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுப்பார்கள். நிற்பவர் எப்போதும் ஒருவரே என்பதால் வாக்கு எண்ணுவதில் தகராறு வந்ததே இல்லை. அப்படி வென்றுகொண்டே இருந்தவர் வெண்குடைக்கோ.

அந்த நாட்டின் தலைநகரில் செங்கமலம் என்பவள் பலகாரக் கடை வைத்திருந்தாள். அவள் கணவன் கொற்றன் அரசனின் படையில் சிப்பாய். கடையின் பணியாரத்துக்கு நல்ல பெயர் இருந்தது. ஆட்டுரல்தான் தொல்லை. தேர்த்திருவிழா வந்தால் இருக்கிற உரல்கள் போதாது, ஆட்டுவதற்கு ஆளும் கிடைக்காது. திருவிழா முடிந்ததும் புதிதாக வாங்கிப் போட்ட உரல்கள் மூலையில் கிடக்கும்.

ஒரு நாள் முகில்மலையிலிருந்து திரிகூடர் என்ற முகவர் வந்தார். மலையின் உச்சி எப்போதும் மேகத்துக்குள் மறைந்திருக்கும். அந்த மேகத்துக்குள் மாவாட்டும் பெரிய கூடம் ஒன்று ஓடுவதாக அவர் சொன்னார்.

"அரிசியை ஊறவெச்சுக் கயித்துக் கூடையில ஏத்திவிடுங்கம்மா, மாவா எறங்கி வரும். ஆட்டுறதுக்கு மட்டும் கூலி. திருவிழாவுக்கு நூறு உரல் வேணுமா, நூறும் ஓடும். மறுநாள் ஒண்ணு போதும்னா ஒண்ணே ஓடும். கல்லு கொத்துறது, ஆளு தேடுறதெல்லாம் எங்க பாடு."

"அங்க யாரு ஆட்டுறாங்க?"

"அது மேகத்துக்குள்ள நடக்குறதும்மா. மாவு நல்லா இருக்கான்னு மட்டும் பாருங்க."

மாவு நன்றாகவே இருந்தது. செங்கமலம் தன் உரல்களை விற்றாள். அரிசி மூட்டைகளையும், பணியாரத்துக்கு அவள் கைப்பக்குவத்தில் இடித்த மசாலாவையும் மலையிலேயே வைத்துவிட்டாள். பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறந்தபோது, அங்கேயும் அதே மாவு கூடையில் போய் இறங்கியது. அந்த ஆண்டுத் திருவிழாவில் கூட்டம் முழுவதும் அவள் பணியாரத்தைத்தான் தின்றது.

தின்றவர்களில் அரசரும் ஒருவர். ஒரு பெண் தனியாக இத்தனை பேருக்கு எப்படி மாவாட்டினாள் என்று அவர் கேட்டார். அவள் உள்ளபடி சொன்னாள். அரசர் உடனே முதலமைச்சர் மதிநிறைச்செல்வரைத் திரும்பிப் பார்த்தார்.

"அமைச்சரே, பலகாரக் கடைக்கு இருக்கும் முன்னேற்றம் நம் அரசுக்கு ஏன் இல்லை?"

"இன்று மாலையே வந்துவிடும், வேந்தே" என்றார் அமைச்சர்.

மாலையில் முதல் ஆணை வந்தது. நாட்டில் யாரும் அம்மியோ உரலோ வைத்திருக்கக் கூடாது. வைத்திருப்பவர் வளர்ச்சியில் நம்பிக்கை இல்லாதவர். வீரர்கள் வீடுவீடாகப் போய்க் கல்லைத் தூக்கினார்கள். அதுமுதல் ஒருபிடி தேங்காய்த் துவையலுக்கும் மலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சில நாட்களில் மேகம் கீழே இறங்கிக் கயிற்றை மூடிவிடும். கூடை நகராது. நாடே கஞ்சி குடித்துப் படுத்துக்கொள்ளும். இது அரசரின் காதுக்கு எட்டியதும் இரண்டாவது ஆணை வந்தது: கூடை வராத நாட்களெல்லாம் இனித் தேசிய நோன்பு நாட்கள்.

மூன்றாவது ஆணைதான் செங்கமலத்தின் வீட்டுக்குள் நுழைந்தது.

"நம் படை என்ன செய்கிறது?" என்று அரசர் கேட்டாராம்.

"போர் இல்லாததால் சும்மா இருக்கிறது, வேந்தே."

"சும்மா இருப்பதற்கா சோறு? படையை மலைக்கு அனுப்பிவிடுவோம். போர் வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்."

கொற்றன் வாளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். மறுநாளே திரிகூடர் வந்து அவனை மலைப்படைக்கு அழைத்தார். வேறு வேலை இல்லாததால் கொற்றன் போனான். எப்போது திரும்புவான் என்று செங்கமலம் கேட்டதற்கு, "யாராவது கூப்பிட்டா எறங்கி வருவேன்" என்றான்.

நாட்டில் ஓர் உரலும் மிச்சமில்லை என்று உறுதியானதும் மலை கூலியை உயர்த்தியது. செங்கமலம் திரிகூடரிடம் போனாள்.

"எனக்கு உங்க சகவாசமே வேணாங்க. என் அரிசியையும் மசாலாவையும் திருப்பிக் குடுத்துடுங்க."

"தாராளமா எடுத்துக்கங்கம்மா. ஆனா எறக்குறதுக்குத் தனிக் கூலி."

"ஏத்தும்போது ஒண்ணும் கேக்கலியே?"

"ஏத்துறது இலவசம்மா. அதை அப்பவே சொன்னோமே" என்றார் திரிகூடர், முகம் மாறாமல்.

இறக்கும் கூலியில் புதிதாக இன்னொரு கடையே வைத்துவிடலாம். அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். அவளைப் போலப் பல வணிகர்கள் வாசலில் நின்றார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை எதிர்த்து யாராவது நின்றுவிடுவார்களோ என்று அரசருக்குக் கவலை வந்தது.

"வேந்தே, இத்தனைக்கும் காரணம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வடகரை நாடுதான்" என்றார் மதிநிறைச்செல்வர்.

"எப்படி?"

"அதைப் போருக்குப் பிறகு ஆராய்ந்துகொள்ளலாம்."

போர் அறிவிக்கப்பட்டது. மலைக்கு ஆள் போனது. படை வாடகைக்குப் பேசப்பட்டது. கொற்றன் களத்துக்கு வருகிறான் என்று தெரிந்ததும் செங்கமலம் கடையைச் சாத்தினாள். போகிற உயிரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவளும் ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

விடிந்தது. இந்தப் பக்கம் யானைமேல் வெண்குடைக்கோ. அந்தப் பக்கம் இன்னொரு யானைமேல் வடகரை அரசர். இருவருக்கும் பின்னால் ஒரு வீரன்கூட இல்லை. சற்று நேரத்தில் மலைக் கூடைகள் இறங்கின. கொற்றனும் மற்றவர்களும் குதித்து வந்து நடுமணலில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் சட்டையும் முன்புறம் சிவப்பு, முதுகுப்புறம் நீலம். சிவப்பு தென்னவராயத்தின் நிறம். நீலம் வடகரையின் நிறம்.

"தாக்குங்கள்" என்றார் வெண்குடைக்கோ.

"தாக்குங்கள்" என்றார் வடகரை அரசர், அதே கணத்தில்.

வரிசை அசையவில்லை. கொற்றன் முன்னால் வந்து வணங்கினான். இப்போது அவன்தான் அந்தப் படைக்குத் தலைவன்.

"மன்னிக்கணும் மகாராஜா. ரெண்டு பேரும் எங்களைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கீங்க. மலையில இருக்குறது ஒரே படைதான். எங்களை நாங்களே எப்படிங்க வெட்டிக்கிறது?"

இரண்டு அரசர்களும் திரிகூடரைத் தேடினார்கள். அவர் ஒரு குடையின்கீழ் நின்றிருந்தார்.

"ஒரே பொருளைப் பல பேருக்குப் பகிர்ந்து குடுக்குறதாலதான் மலிவாக் குடுக்க முடியுதுங்க" என்று அவர் பணிவாக விளக்கினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த இரு நாட்டு மக்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். வீரர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். செங்கமலம் கொற்றனிடம் ஓடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் போன இடத்தில் அவளுக்குத் துணிச்சல் வந்திருந்தது. யானையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மகாராஜா, ஒண்ணு கேக்கலாங்களா? சண்டை இல்லாதப்போ படை சும்மா இருக்குதுன்னு மலைக்கு அனுப்புனீங்க. சண்டை இல்லாதப்போ நீங்க என்ன பண்றீங்க?"

வெண்குடைக்கோ அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார். அந்த நேரத்தில் திரிகூடர் குறுக்கிட்டார். மலையில் அரசர்களுக்கென்றே குளிர்ச்சியான மாளிகை இருக்கிறது, வெயில் கிடையாது, மனு கிடையாது, மக்கள் கிடையாது என்றார். இரண்டு அரசர்களின் முகமும் மலர்ந்தது. மதிநிறைச்செல்வர் இரு நாடுகளுக்கும் பொதுவான அமைச்சராக முன்னதாகவே கூடையில் ஏறிக்கொண்டார்.

படை கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனது. உரல் கூடாது என்று சொல்ல இப்போது யாரும் இல்லாததால் செங்கமலம் புதிதாகக் கல் கொத்தச் சொல்லி இரண்டு உரல் வாங்கினாள். தினப்படி மாவைக் கொற்றன் ஆட்டுகிறான். திருவிழாவுக்கு மட்டும் மலைக்கு அரிசி ஏறுகிறது, அன்றன்றைக்கு வேண்டியது மட்டும். கூலி அதிகம் என்றால் அனுப்ப மாட்டாள் என்பது தெரிந்ததால் மலை நியாயமாகவே கேட்கிறது.

அரசர்கள் மேகத்துக்குள் நலமாக இருப்பதாகத் தகவல். தேவைப்படும்போது சொல்லி அனுப்பினால் மலைக்காரர்கள் அவர்களை உடனே இறக்கி வைப்பார்கள். இரண்டு நாட்டிலிருந்தும் இதுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.