ஏழாவது வளைவில் பன்னிரண்டு ராஜாக்கள்

ஒரு காட்டில் மலைச்சாலை போட்டார்கள். போட்டதுபோக மிச்சமிருந்ததை, பழக்கதோஷத்தால், எல்லோரும் இன்னமும் காடு என்றே சொல்லிவந்தார்கள்.

அந்தச் சாலையின் ஏழாவது வளைவை ஒட்டிப் பத்து யானை ஆழத்துக்கு ஒரு பள்ளம். மூன்று வருடங்களில் ஒன்பது வண்டிகள் அதில் இறங்கியிருந்தன. ஒன்றுகூடத் திரும்ப ஏறிவரவில்லை. ஓரத்தில் தடுப்புக் கம்பி போட வேண்டும் என்று மனுவோடு சாலைத் துறைக்கு வந்தாள் முள்ளம்பன்றி மரகதம். தினமும் ஏழு அணில் பிள்ளைகளை அந்த வளைவு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோ அவளுடையது. மழைக்காலம் தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது.

உதவிப் பொறியாளர் உடும்பு கனகசபை தன் கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். சாலையோர ஆபத்தைக் கணக்கிடும் மென்பொருள் அது. ஏழாவது வளைவு பச்சையாக மின்னியது.

"பச்சைன்னா பத்திரம்னு அர்த்தம்மா. பச்சைக்குக் கம்பி கிடையாது."

"போன மாசம்தான் நரி குடும்பம் மொத்தமா உள்ள போச்சு. உங்க பெட்டிகிட்ட யாரும் சொல்லலையா சார்?"

"பெட்டி கேக்கறது ஒரே கேள்விதான். ரோட்டோரத்துல வண்டி மோதற மாதிரி என்ன இருக்கு? மரமா, கம்பமா, பாலச்சுவரா? எதுவும் இல்லைன்னா பச்சை."

"மோதறதுக்கு ஒண்ணும் இல்லாமத்தானே சார் நேரா கீழ போறோம்!"

கனகசபைக்குச் சுருக்கென்றது. 'எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தவர் அவரேதான். அன்று வளைவில் நின்று பார்த்தபோது அங்கே உண்மையிலேயே எதுவும் இல்லை. பள்ளம் என்பதே ஒன்றும் இல்லாத இடம்தானே என்று நினைத்தார். ஒன்பது வண்டிகளில் எத்தனை அந்த டிக்குக்குப் பிறகு போனவை என்று இப்போது எண்ணத் தொடங்கி, நான்கோடு நிறுத்திக்கொண்டார்.

மரகதத்தை உட்காரவைத்துவிட்டு, செயற்பொறியாளர் காட்டெருமை வேலாயுதத்தின் அறைக்குப் போனார்.

"சார், மென்பொருள்ல பள்ளத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லணும்."

"அதைச் செஞ்சவங்க வெளிநாட்டு வல்லுநருங்கய்யா. அவங்களுக்குத் தெரியாதது உமக்குத் தெரிஞ்சிருச்சா?"

"அவங்க ஊர் சமவெளி சார். அங்கே பள்ளமே கிடையாது."

"பச்சைக்குக் கம்பி போட்டா நாளைக்குத் தணிக்கையில மாட்டறது நான். போய் வேலையைப் பாரும்."

கனகசபை இருக்கைக்குத் திரும்பி, வெறுமனே ஒரு சோதனைக்காக, திரையிலிருந்த வளைவில் ஒரு கம்பத்தை நட்டுப் பார்த்தார். சட்டென்று சிவப்பு! 'கம்பத்தில் வண்டி மோதக்கூடும். உடனடியாகப் பத்தடித் தடுப்புக் கம்பி அமைக்கவும்' என்று மென்பொருள் பதறியது. பள்ளத்தில் உயிர் போனபோது வராத பதற்றம். வளைவின் நீளம் நூற்றிருபது அடி. அப்படியென்றால் பன்னிரண்டு கம்பங்கள். இந்தத் துறையில் யாரும் மறுக்கவே முடியாத கம்பம் எது? இருபத்தாறு வருட அனுபவம் உடனே பதில் சொன்னது.

மறுபடியும் காட்டெருமை முன் போய் நின்றார்.

"சார், ஏழாவது வளைவை இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கறதுக்கு நம்ம சிங்கராஜாவுக்கு நன்றி சொல்லி, படத்தோட பன்னிரண்டு போர்டு வெக்கலாம்னு ஒரு யோசனை."

காட்டெருமை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பன்னிரண்டு போதுமாய்யா?"

மூன்றாம் நாள் போர்டுகள் நின்றன. நான்காம் நாள் கனகசபை அவற்றைக் கணினியில் ஏற்ற, திரையில் வளைவு செக்கச்சிவந்தது. "ராஜா முகத்துல லாரி மோதினா என் கதி என்னய்யா ஆகும்?" என்று காட்டெருமை அலறினார். ஐந்தாம் நாள் வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கம்பி மாட்டியாகிவிட்டது.

மரகதம் ஆட்டோவை நிறுத்திப் பார்த்தாள். "ஏழு புள்ளைங்களுக்குக் கிடைக்காத கம்பி, இந்தப் பிடரிமயிருக்குக் கிடைச்சிருச்சே சார்!"

"மெதுவாப் பேசும்மா. கம்பி நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன?"

அப்படிக் கேட்டாரே தவிர, கனகசபைக்கு மனம் ஆறவில்லை. மென்பொருளிடம் பொய் சொல்லிவிட்டோமா, அல்லது முதல் தடவையாக அதற்குப் புரிகிற மாதிரி உண்மையைச் சொன்னோமா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

முதல் மழையில் மரகதத்தின் ஆட்டோ வழுக்கியது. பிரேக் பிடிக்கவில்லை. கம்பியில் இடித்து, உரசி, ஒருவழியாக நின்றது. ஏழு அணில்களும் ஏழு குரலில் அழுதன. ஓடிவந்த கனகசபைக்கு அந்த அழுகை காதுக்கு இதமாக இருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த காட்டெருமை ஆட்டோவைத் தாண்டிப் போய், போர்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணினார். "பன்னிரண்டும் பத்திரம்!" என்று அங்கிருந்தே தலைநகருக்குப் போன் போட்டார். மறுநாளே உத்தரவு வந்தது: ராஜாவின் திருவுருவத்தைக் காத்த உடும்பு கனகசபைக்குத் தங்கப் பதக்கம்.

விழா மேடையிலிருந்து பதக்கத்தோடு இறங்கியவர், வாலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தார். மரகதம் முள்ளை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"சார், பள்ளிக்கூட வாசல்ல பாழுங்கிணறு ஒண்ணு திறந்து கிடக்கு. ராஜா படம் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

நீதி: உன் உயிருக்கு வேலி கேட்டு மனுப் போடாதே. ராஜாவின் படத்தை ஆபத்தில் நிறுத்து, வேலி தானாக வரும். நீ அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு பிழைத்துப் போ.