அறுபத்து மூன்று பேருக்குப் போன ரகசியக் கடிதம்

சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டுக் கணினிக்குள் வைரஸ் நுழைந்தது. நுழைந்தது என்று சொல்வதுகூட அநியாயம். நானே கதவைத் திறந்து, உட்காரவைத்து உபசரித்தேன்.

அப்போது தீவு நாடு ஒன்றின் சர்க்கரை ஆலை ஊரான லவுத்தோக்காவில் நான் கணக்கு ஆசிரியை. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தெருவில் டயர் வெடித்தால்கூட நான் பாஸ்போர்ட்டைத் தேடுவேன். (இப்போதும் தேடுகிறேன்.) ஊரில் பாதிப் பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். "நாங்களா? எங்க போறது?" என்பார்கள், அடுத்த வாரமே அவர்கள் வீட்டு சோபா விற்பனைக்கு வந்துவிடும்.

நாங்களும் அதே ரகம்தான். மகள் மீனாவுக்குப் பள்ளி இறுதி வருடம். அவளை நியூசிலாந்தில் படிக்கவைக்க, ஆக்லாந்து ஏஜெண்ட் ஒருவர் மூலம் குடியேற்ற விண்ணப்பம் தயாராக இருந்தது. ஒரே ஒரு தாள் பாக்கி: எங்கள் பள்ளி முதல்வர் தரவேண்டிய வேலைச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் பயணமே இல்லை. திங்கட்கிழமை, ஏதோ சும்மா கேட்பதுபோல் கேட்டுவிடுவதாகத் திட்டம்.

கணினியைப் பாதுகாப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த அறைக்குள் செருப்பு கூடாது. திரைக்குப் பூவேலை செய்த துணி உறை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். வைரஸ் தடுப்பு மென்பொருளும் இருந்தது, ஆனால் அது தினமும் "புதுப்பிக்கவா?" என்று நச்சரித்ததால் அணைத்துவிட்டேன். (வகுப்பில் ஓயாமல் பேசுகிறவர்களை வெளியே நிறுத்திப் பழகிய கை.)

அன்று பக்கத்துத் தீவில், லம்பாசாவில் டாக்டராக இருந்த தோழியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். "இணைத்துள்ள கோப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும்." இருபது வருடம் பாடம் நடத்தியவளிடம் கருத்துக் கேட்டால் சும்மா இருப்பாளா? திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பார்க்காமல் கருத்துச் சொல்வது முறையில்லை என்று நான்கு முறை திறந்தேன். பிறகு சாம்பாரைக் கவனிக்கப் போனேன்.

"அம்மா! இது தானா மெயில் அனுப்புது!" என்று மீனா கத்தினாள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்! ஆக்லாந்து ஏஜெண்டுக்கு நீ எழுதின லெட்டரை!"

இணையம் வந்துகொண்டிருந்த தொலைபேசி வயரை அவள் பிடுங்குவதற்குள் முகவரிப் பட்டியலில் இருந்த அறுபத்து மூன்று பேருக்கும் அது போய்விட்டது. பட்டியலில் முதல்வரும் இருந்தார். கடிதத்திலும் இருந்தார். "எங்கள் முதல்வர் தங்கமான மனிதர். மணி அடிக்கச் சொல்வதைத் தவிர அவருக்கு நிர்வாகம் தெரியாது. அதையும் தாமதமாகத்தான் சொல்வார்."

வயரைத் திரும்ப மாட்டியதும் தொலைபேசி அலற ஆரம்பித்தது. முதலில் கோயில் கமிட்டிச் செயலாளர்.

"அரே டீச்சர், லெட்டர் வந்திச்சி. இங்கிலீசு ரொம்ப அச்சா! எப்ப போறது?"

அடுத்து லம்பாசாத் தோழி. "என் மெஷின்ல வைரஸாம்டி. என்கிட்டேருந்து ஏதாவது வந்தா திறந்து தொலைக்காதே."

"நாலு தடவை திறந்துட்டேன்."

"நாலு தடவையா? எதுக்குடி?"

மூன்றாவதாக, ஆலையில் இன்ஜினீயராக இருந்த என் கணவர். "எனக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கியாமே? ஆபீசே படிச்சுட்டு சிரிக்குது."

"வீட்டுக்கு வந்ததும் பேசலாமா, இல்ல இப்பவே பேசணுமா?"

"நீயே முடிவு பண்ணு."

(இட்லியா தோசையா என்று கேட்டாலும் இன்றுவரை அவர் சொல்லும் பதில் இதுதான். என் கைப்பேசி "புதுப்பிக்கவா?" என்று கேட்டாலும் வீடே சேர்ந்து இதைத்தான் சொல்கிறது. நான் உடனே "சரி" என்று அமுக்கிவிடுகிறேன்.)

மாலை நான்கு மணிக்கு வாசலில் முதல்வரின் கார் வந்து நின்றது. வேலை போனால் போகட்டும்; மீனாவின் படிப்பு? அவர் பக்கத்துச் சவேனியில் கரும்பு பயிரிடும் குடும்பத்துக்காரர். கொள்ளுத்தாத்தா மதராஸில் கப்பலேறி வந்தவர். வீட்டில் மிச்சமிருந்த தமிழை எங்களிடம் மட்டும் செலவழிப்பார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மீனா கொடுத்த தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், லெட்டர் நானும் படிச்சேன், என் சம்சாரமும் படிச்சா. சர்ட்டிபிகேட் மண்டே குடுக்கிறேன், பயப்படாதிங்க. எங்க அப்ளிகேசனுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்த பிரின்சிபல் சமாச்சாரம் மட்டும் வேணாம்."