கையெடு அண்ணனின் கார்

மதுரை ஜில்லாவில் அந்த நாளில் யாருக்கும் பயப்படாத ஆள் யார் என்று கேட்டால், மீசை முறுக்கிய எந்தச் சண்டியரையும் நான் சொல்ல மாட்டேன். கார் துடைக்கிற ஒருவரைத்தான் சொல்வேன். டிப்டி கலெக்டருக்கும் காக்காய்க்கும் அவரிடம் ஒரே மரியாதைதான். காருக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் "கைய எடு!" என்று ஒரு சத்தம். "காக்காய்க்குக் கை ஏது அண்ணே?" என்று ஒரு தரம் கேட்டுத் தொலைத்தேன். அரை நாள் என்னோடு பேசவில்லை. அவருக்குச் சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் கையெடு அண்ணன்.

திருமங்கலம் ரோட்டில் ஒரு ஜின்னிங் மில். பருத்தியில் கொட்டையைப் பிரித்துப் பஞ்சு எடுக்கிற இடம். அங்கே நான் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. அண்ணன் முதலாளி வீட்டுக் குதிரை வண்டிக்காரர். முதலாளியின் ஒரே மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் கூட்டி வந்ததும் அந்த வண்டியில்தான். பாப்பா என்று கூப்பிடுவார். அது வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றபோதும் அவருக்குப் பாப்பாதான்.

ஒரு நாள் முதலாளி கறுப்பாகப் பளபளவென்று ஒரு கார் வாங்கிவிட்டார். ஓட்டுவதற்கு மதுரையிலிருந்து டிரைவர் வந்தார். குதிரையை விற்றாயிற்று. அண்ணனை விற்க முடியுமா? "நீ காரைத் துடைச்சுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குத் தெரிந்தது குதிரை தேய்ப்பு. முதல் நாள் குதிரை தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு காரில் இறங்கினார். கொள்ளு வைக்காததுதான் குறை. சாயங்காலம் பார்த்தால் கதவு முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "குதிரை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. ஒம்ம காருக்குத்தான் மேலு நோகுதாக்கும்!" என்று அண்ணன் அவரையே அதட்டினார்.

முதலாளி பட்டணத்துக்கு என்னை எழுதச் சொல்லி, சீமை மெழுகு ஒரு டப்பா வரவழைத்தார். டப்பாவின் முதுகில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. அண்ணன் அதை என் மேஜையில் வைத்தார்.

"என்னய்யா சொல்றான்?"

"காரை நல்லாக் கழுவி, நிழல்ல நிறுத்தணுமாம். மெழுகைக் கொஞ்சமாத் தொட்டு மெல்லிசாப் பூசணுமாம். காஞ்சு வெளுத்ததும் மெத்துன்னு துணியால துடைக்கணுமாம்."

"கொஞ்சமுன்னா எம்புட்டு?"

"விரல் நுனி அளவு."

"கஞ்சப்பய! அவன் ஊர்ல வெயிலே கிடையாது, விரல் நுனி போதும். நம்ம வெயிலுக்கு அது காணுமா? உள்ளங்கை நெறையா வேணும்."

"நிழல்ல..."

"நிழல்ல எனக்குக் கண்ணு தெரியாது. நீர் வாசிச்சது போதும், வேலையப் பாரும்."

பங்குனி மாதம். பருத்தி வந்து குவிகிற சமயம். மிஷின் ஓடினால் மில் முற்றமெல்லாம் பஞ்சு பறக்கும். வேலை விடுகிற நேரத்தில் எங்கள் எல்லாருக்கும் புருவம் நரைத்திருக்கும். அந்த முற்றத்தில், உச்சி வெயிலில், காரை நிறுத்தினார் மனிதர். அரை டப்பா மெழுகை அப்பு அப்பு என்று அப்பினார். அது காயட்டும் என்று சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது காவல்காரர் அலறிக்கொண்டிருந்தார். "ஆத்தாடி! காருக்கு முடி மொளைச்சிருச்சு!"

பறந்த பஞ்சு அத்தனையும் மெழுகில் ஒட்டி, விரற்கடை உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நின்றது. சத்தம் கேட்டு வந்த முதலாளிக்குக் கண் கொஞ்சம் மட்டு. "எவன்டா இங்க செம்மறியாட்டைக் கட்டினது?" என்றார். கிட்டே வந்து பார்த்ததும் அவருக்குக் குரலே வரவில்லை. வந்தபோது மில் மிஷின் சத்தத்தையும் மீறி வந்தது.

"பன்னெண்டு நாள்ல கல்யாணம்! மாப்ள அழைப்பு இந்தக் கார்ல! அதுக்குள்ள இது கறுப்பா மாறலேன்னா, நீ இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது, ஆமா!"

வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வெறுங் கறுப்பு இல்ல முதலாளி. உங்க மீசையில எத்தனை நரைன்னு அதுல எண்ணலாம். முடியலேன்னா நீங்க சொல்ல வேணாம், நானே போறேன்."

 ஐம்பது வயதுக்கு மேல் எங்கே போவார் இந்த மனிதர்?

மில்லுக்குப் பின்னால், பஞ்சு பறக்காத இடத்தில், காலியாகக் கிடந்த குதிரை லாயத்துக்குள் காரைத் தள்ளிக்கொண்டு போனார். மெழுகைக் கரைக்கும் கற்பூரத் தைலத்தைத் துணியில் லேசாகத் தொட்டுத் தொட்டு, ஒரு சாண் ஒரு சாணாகப் பஞ்சையும் மெழுகையும் எடுத்தார். அதுவே எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் மில்லில் காயப்போட்ட வேட்டிகள் காணாமல் போயின. லாயத்தில் எட்டிப் பார்த்தேன். என் வேட்டி நாலு துண்டாக அண்ணன் கையில் இருந்தது.

"அண்ணே, அது என் வேட்டி!"

"தெரியும். புது வேட்டி கீறும்யா. ஒம்ம வேட்டிதான் நல்லா நைஞ்சு பட்டு மாதிரி இருக்கு. சந்தோஷப்படும்."

சந்தோஷப்பட எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேட்டி.

ஒன்பதாம் நாள் மிச்ச அரை டப்பாவைத் திறந்தார். "அந்தக் கஞ்சப்பய சொன்னத இன்னொருக்கா வாசியும்" என்றார். வாசித்தேன். இந்தத் தடவை சொன்னபடியே செய்தார். விரல் நுனியில் தொட்டு, உள்ளங்கை அகலம் பூசி, வெளுத்ததும் துடைத்து, பிறகு அடுத்த உள்ளங்கை அகலம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காரை வெளியே தள்ளினார். முதலாளி குனிந்து பார்த்தார். அதில் பார்த்தே மீசையை ஒதுக்கிக்கொண்டு போனார். அண்ணன் பிழைத்தார் என்று நினைத்தேன்.

எங்கே? மாப்பிள்ளை அழைப்பில் மேளம் முழங்குகிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன், கனத்த மனிதர், வழக்கப்படி காருக்குப் பொட்டு வைக்கக் கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு வந்து, காரின் முன்மூடியின் மேல் கையைக் கொண்டுபோனார்.

"கைய எடு!"

நாயனம் நின்றுபோயிற்று.

"சந்தனம் காஞ்சா வர்ணத்தத் தின்னுரும். ஆசையா இருந்தா ஒங்க மாப்ள நெத்தியில பூசுங்க. அது கழுவுனாப் போயிரும்."

சம்பந்தி வீட்டார் கொதித்துப் போனார்கள். முதலாளி கையைப் பிசைந்து மன்னிப்புக் கேட்டார். பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லிச் சமாதானம் செய்தார். அண்ணனைத் தனியே இழுத்து, "கல்யாணம் முடியட்டும். நாளன்னைக்குக் காலையில நீ கிளம்பிரு" என்றார்.

"போறேன். அதுவரைக்கும் காரு என் பொறுப்பு."

கல்யாணம் முடிந்து, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நேரம். பாப்பா அழுதுகொண்டே வந்தது. கையெல்லாம் நலங்குச் சந்தனம். காரில் ஏறாமல் கதவில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணனைப் பார்த்தது. "வண்டிக்காரண்ணே, போயிட்டு வாரேன்" என்றது. ஐந்து விரலும் கறுப்புக் கதவில் ஈரமாகப் பதிந்தன. நாங்கள் எல்லாரும் அண்ணன் வாயைப் பார்த்தோம். அவர் வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நகர்ந்து நின்றார்.

மறுநாள் காலை கார் திரும்பி வந்து லாயத்தில் நின்றது. அண்ணனை அனுப்ப முதலாளி வந்தார், நானும் பின்னாலேயே ஓடினேன். கார் முழுக்கத் துடைத்துப் பளபளத்தது. கதவில் மட்டும் அந்தச் சந்தனக் கை அப்படியே காய்ந்திருந்தது. அதைச் சுற்றி, ஒரு விரல்மேலும் படாமல், மெழுகு பூசித் துடைத்திருந்தார்.

"இது என்னய்யா அழுக்கு?" என்று முதலாளி மேல்துண்டை எடுத்துக் கதவுக்குப் போனார்.

"கைய எடுங்க முதலாளி."

சத்தம் போடவில்லை அவர். அதுவரை அந்த வார்த்தையை அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளிக்கு அப்போதுதான் அது யார் கை என்று தெரிந்தது. துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "குமாஸ்தா, பட்டணத்துக்கு எழுதும். அந்த மெழுகு இன்னும் ரெண்டு டப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் என் இன்னொரு வேட்டியை நானே கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன்.