என்னை வெளியே விடுதல் தொடர்பாக

விதிமுறை தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். திருகோணமலையில் அரச அலுவலகமொன்றில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த நம்பிக்கை ஓய்வூதியத்தோடு சேர்ந்தே வருவது.

அப்போது மகளுக்குக் கிளிவெட்டியில் ஓர் இடம் பேசியிருந்தோம். மாப்பிள்ளைக்குச் சம்மதம். தாயார் செல்வராணி மட்டும் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். மகள் பாதிச் சாப்பாட்டோடு எழும்பத் தொடங்கிவிட்டாள். செல்வராணி அம்மாவின் மனத்தை இளக்கலாம் என்று, சுருக்குக் கம்பியில் சிக்கிக் காயப்பட்ட சிறுத்தைகளைப் பராமரிக்கும் காப்பகத்துக்கு மனைவி, மகளோடு அவரையும் அழைத்துப் போனேன். (கோயில் இருந்தது, கடற்கரை இருந்தது. என் புத்தி அப்படி.)

பராமரிப்பாளர் நாசர், கிண்ணியாக்காரர். கூட்டுச் சாவிகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"எழுத்தில கேட்காமல் ஒருத்தருக்கும் சாவி குடுக்கக் கூடாது, தம்பி. மூன்று பிரதி வேணும்."

"ஓம் சேர்" என்றார் நாசர். செல்வராணி அம்மா கேட்டுக்கொண்டு நின்றதால் மேலும் கால்மணி நேரம் விளக்கினேன்.

மூன்றாவது கூட்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சிறுத்தை இல்லை. "ஒருவரும் ஓடக் கூடாது" என்று அறிவித்துவிட்டு நான் ஓடினேன், அந்தக் கூட்டுக்குள். சிறுத்தை வெளியே என்றால் உள்ளேதானே பாதுகாப்பு? கதவை இழுத்துச் சாத்தி, கம்பிக்குள்ளால் கையை விட்டுப் பூட்டையும் அமுக்கினேன். மனைவி, மகள், வருங்காலச் சம்பந்தி மூவரும் வெளியே நின்றது பூட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதுகுப் பக்கம் யாரோ கொட்டாவி விட்டார்கள். கூடு கழுவுவதற்காகச் சிறுத்தையை உள்ளறையில் அடைத்திருந்தார்களாம். நடுவில் கம்பித் தடுப்பு. மூன்று காலில் நின்று அது என்னைப் பார்த்தது.

"அதுக்குள்ள ஏன் சேர் போனீங்க?" என்றார் நாசர்.

"திறவுங்கோ தம்பி."

"திறக்கலாம். கடிதம் வேணுமே. எழுத்தில இல்லாம ஏலாதெண்டு சேர்தானே சொன்னீங்க."

என் மனைவி குறுக்கிட்டாள். "திறக்காதேங்கோ தம்பி. அவர் எழுதட்டும்."

முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். முதல் பிரதியில் திகதி விடுபட்டிருந்தது. நாசர் திருப்பித் தந்தார். மூன்று பிரதியும் சரியான பிறகே பூட்டைத் திறந்தார்.

திரும்பும் வழியில் வாகனத்தில் மகள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். செல்வராணி அம்மா, நாசரிடம் கேட்டு வாங்கிய மூன்றாம் பிரதியை இரண்டு தரம் வாசித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஆபத்தெண்டால் முதல் ஓடுற ஆள்தான்" என்றார் கடைசியில். "ஆனால் கூட்டுக்குள்ள இருந்தும் திகதி போட்டு எழுதுற மனுசன் எங்களுக்கு ஒண்டையும் மறைச்சிருக்க மாட்டார். தாலிக்குப் பொன்னுருக்க நாள் பாருங்கோ."

இப்போதும் கிளிவெட்டிக்குப் போய்ப் படலையைத் தட்டினால், "மாமா, விண்ணப்பம் கொண்டு வந்தனீங்களோ?" என்றுதான் மருமகன் உள்ளேயிருந்து கேட்பார். அந்த மூன்றாம் பிரதி அவர்கள் வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. விடயம், திகதி, கையொப்பம் எல்லாம் சரியாக உள்ளன. திருப்பித் தரும்படி இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

"எழுத்தில கேளுங்கோ" என்கிறார் சம்பந்தி அம்மா.