ஷேடு அண்ணன் போன் வாங்கிய கதை

கத்தியில்லாமல், ரத்தமில்லாமல், சட்டத்துக்கும் உட்பட்டு ஒரு மனிதனைப் பைத்தியமாக்க முடியுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். ஷேடு அண்ணனோடு ஒரே அறையில் அவனைத் தங்கவைத்து, அண்ணன் புது போன் வாங்கப் போகிறார் என்று மட்டும் காதில் போட்டுவிட்டால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. அவருக்கு பெயின்ட் ஷாப்பில் வேலை. பெயின்ட் அடித்து வரும் ஒவ்வொரு பம்பரையும் ‘மாஸ்டர் பேனல்’ என்கிற ஒரு பலகையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அந்தப் பலகையில் இருப்பதுதான் அசல் நிறம். ஒத்துப்போனால் பாஸ். ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் “ஷேடு மாறுது” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஷிப்ட் முடிந்ததும் அந்தக் கண்ணை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மனுஷன் அதோடுதான் வீட்டுக்கு வருவார், அதோடுதான் கடைக்கும் போவார்.

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “நேத்து ஷேடு வரலியே மாஸ்டர், இன்னிக்கு ஒரு பொட்டு வெளுப்பு” என்பார். டீ மாஸ்டர் வாயில் அன்றாடம் நல்ல வார்த்தை வரும். “ந்தா, குட்ச்சிட்டுப் போபா. டீய எட்த்துனு போயி செவுத்துக்கா பூசப் போற?” பக்கத்தில் நிற்கும் நான் வேறு கடைக்கு வந்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் ஹவுஸ் ஓனர் அக்கா ஒரு பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “யக்கா, இந்தச் செவரும் அந்தச் செவரும் வேற வேற டப்பா” என்றார். “அய்ய, எனுக்கு ஒண்ணும் தெர்லியே?” என்று அக்கா சிரித்தார். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். “இன்னாபா உங்க ஆளு! இத்தினி நாளா நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எந்தப் பக்கம் பாத்தாலும் அதான் தெரிது. எனுக்குத் தூக்கமே வர்ல!” பெயின்டரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தப் பெயின்டர் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் முறைப்பார். சொன்னது யார், வாங்கிக் கட்டிக்கொள்வது யார் பாருங்கள்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பெண் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நிச்சயம் முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்தவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களை. எனக்கும் சந்தோஷம்தான். இனிமேல் அந்த அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருப்பார், நம்மை விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அதில்தான் மண் விழுந்தது. அவருடைய பழைய போன் கீழே விழுந்து, திரை முழுக்கப் பச்சை பாய்ந்துவிட்டிருந்தது. அண்ணி முதல் தடவை வீடியோ காலில் வந்தார். அண்ணன் பார்த்தார், பதறிப்போய் கட் செய்தார்.

“ஏண்ணே கட் பண்ணீங்க?”

“பச்சையாத் தெரியுதா தம்பி. அந்தப் பிள்ளைய இந்தக் கலர்ல நான் எப்பிடிப் பாக்க?”

அன்றிலிருந்து வெறும் குரல்தான். நல்ல போன் வாங்கிய பிறகுதான் வீடியோ கால் என்று முடிவெடுத்துவிட்டார். சரி, நாளைக்கே வாங்கிவிடலாமே என்றேன். நான் போன் வாங்கினால் பத்து நிமிஷம் ஆகும், அதில் பாதி பில் போட. அவர் சொன்னார்: “கல்யாணம் ஒரு தடவதான தம்பி. வாங்குனா உச்சத்துல இருக்கதுதான் வாங்கணும்.” தவணைக்கும் தயாராகிவிட்டார். உச்சத்தில் இரண்டு போன்கள் இருந்தன. பெயரைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என்னை அடிக்க வருவார்கள் என்பதால், அவர் சொன்னபடியே சொல்கிறேன். ஒன்று பெரியவன், இன்னொன்று சின்னவன்.

பெரியவனா சின்னவனா என்பதில் எங்கள் அறையில் சோறு இறங்கவில்லை. பெரியவனுக்கு பேட்டரி நிற்கும், ஆனால் பாக்கெட்டில் வைத்தால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். சின்னவன் இருட்டில் நன்றாகப் படம் எடுப்பான், ஆனால் சூடாவான். நான் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்று, “தம்பி, ஜூம்ல பெரியவன அடிச்சிக்க ஆளில்ல பாத்துக்க” என்பார். கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடினால் தோளைத் தட்டி, “ஆனா சின்னவனுக்கு வருஷக்கணக்கா அப்டேட் வரும்” என்பார். ஒரு கட்டத்தில் ஹவுஸ் ஓனர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்பா, அவுங்க வூட்ல சொத்துத் தகராறா? பெரியவன் சின்னவன்னே பேசிக்கினு கீறாரே” என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் ஷோரூமுக்குப் போவார். டெமோவுக்கு வைத்திருக்கும் இரண்டு போனிலும் நிச்சயதார்த்தப் போட்டோவை ஏற்றி, அண்ணியின் முகத்தை அக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பார். ஒன்றில் வெளுப்பு, ஒன்றில் மஞ்சள். “டியூப்லைட்டுல ஒண்ணும் பிடிபடாது தம்பி, வெயில்ல பாக்கணும்” என்று இரண்டையும் வாசலுக்கு இழுப்பார். திருட்டுக்குப் பயந்து மாட்டியிருக்கும் ஒயர் எவ்வளவு தூரம் வரும்? பிடுங்கிக்கொள்ளும், சைரன் அலறும், தெருவே கூடும். கூடுகிற கூட்டத்தில் யாராவது போன் பற்றிக் கேட்டால் அந்த இடத்திலேயே தெளிவாக விளக்கி, வாங்கவும் வைத்துவிடுவார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கிப்போனவர்கள் ஏராளம். அவர் மட்டும் வாங்க மாட்டார்.

“அண்ணே, ரெண்டுல எது சரியான கலர்னு பாத்தா முடிஞ்சுதில்ல. ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க!” என்று ஒருநாள் நடுக்கடையில் கத்தினேன்.

“எத வச்சுச் சொல்ல? மாஸ்டர் பேனல் இல்லாம பம்பர பாஸ் பண்ண முடியுமா? நான் அவள நேர்ல பாத்ததே ரெண்டு தடவதான்.”

தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அங்கே சங்கரன்கோவிலில் இந்தக் கூத்து எதுவும் தெரியாது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. அண்ணிதான். எடுத்து, குளிக்கிறார் என்று சொன்னேன்.

“தம்பி, ஒங்ககிட்டயே கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. அவுகளுக்கு என்னையப் பிடிக்கலியா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி!”

“பின்ன ஏன் மூஞ்சப் பாத்துப் பேச மாட்டேங்காக? முன்னாடி வந்த மாப்பிள்ள வீடெல்லாம் ஸ்டுடியோக்காரன் வெள்ளையடிச்ச போட்டோவப் பாத்துட்டு வந்தாவ. நேர்ல பாத்துட்டு, போயிச் சொல்லியனுப்புதோம்னு போயிட்டாவ. இவுகளும் இப்ப யோசிக்காகன்னா நேராச் சொல்லிரச் சொல்லுங்க. பத்திரிகை அடிக்கும் முன்ன சொல்லிட்டா எங்கப்பாவுக்கு அசிங்கம் கொஞ்சம் கம்மி.”

குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துண்டோடு வெளியே வந்த மனிதரைப் பிடித்து உலுக்கினேன். “யோவ்! நீங்க போன்ல கலர் பாத்துக்கிட்டிருக்கீங்க. அங்க அவங்க, நான் கறுப்புன்னுதான் மூஞ்சி பாக்க மாட்டேங்கிறாருன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க!” அண்ணே என்று கூப்பிட்ட வாயால் முதலும் கடைசியுமாக ‘யோவ்’ வந்தது அன்றைக்குத்தான். அண்ணன் ஈரத் தலையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் வேறு எந்த ஆம்பிளையாக இருந்தாலும் போனை எடுத்து நாலு வார்த்தை சமாதானம் சொல்லியிருப்பான். ஷேடு அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷோரூமுக்கு ஓடினார். பெரியவனையும் சின்னவனையும் சங்கரன்கோவிலுக்கு எடுத்துப்போய் நேரில் வைத்துப் பார்த்தால்தான் ஆகும் என்று ஓனரிடம் அடம்பிடித்தார். ஓனர் பாவம், சைரன் சத்தத்தில் பாதி ஆளாகியிருந்தார்.

“எட்த்துனு போ நைனா. ஆனா ஒரு கண்டிஷன். அட்த்த ஞாயித்துக்கெழம ஒண்ணு வாங்கிடணும். இல்லாட்டி இந்தப் பக்கமே வரக் கூடாது. அது சரி, இத்த நம்பிக் குடுக்கிறதுக்கு கேரண்டி இன்னா?”

இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். என் பைக்கின் ஆர்.சி. புக் ஓனருடைய மேஜை டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. தவணை கட்டி முடித்து மாதம்கூட ஆகாத பைக் ஐயா அது.

ஆர்.சி. புக் போன பிறகு அவரைத் தனியாக விட எனக்கு மனமில்லை. நானும் பஸ் ஏறினேன். மறுநாள் காலை அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றோம். சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வந்து நின்றால் ஒரு வீடு என்ன நினைக்கும்? அண்ணியின் அப்பா எழுந்து நின்று துண்டைத் தோளில் போட்டார், முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளேயிருந்து அண்ணி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, சொல்லுங்கள் என்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

“கொஞ்சம் வெயிலுக்கு வா” என்றார் இந்த மகானுபாவர்.

முற்றத்து வெயிலில் அண்ணியை நிறுத்தினார். இரண்டு போனிலும் போட்டோவைத் திறந்து, கன்னத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று பிடித்தார். கழுத்தைச் சாய்த்தார், ஒரு கண்ணை மூடினார். அண்ணியின் அம்மா காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்றுவிட்டார். “என்ன மாப்ள, எக்ஸ்ரே எடுக்கியளா?” என்றார் மாமனார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாமே என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணன் கையைத் தாழ்த்தினார். “ரெண்டும் ரிஜெக்ட்.”

“என்னது ரெண்டும்?” என்றார் அண்ணி.

“போனுதான். இவன் சுண்ணாம்பு பூசுதான். அவன் மஞ்சத் தேய்க்கான். உன் கலரு ரெண்டுலயும் வரல. என் பழைய போன்ல பச்சையாத் தெரிஞ்ச, அதான் வீடியோ கால்ல வரல. தப்பான கலர்ல உன்னப் பாக்க மனசு வரல பாத்துக்க. நல்ல கலரு. அத எதுக்கு இவனுவ மாத்துதானுவ?”

கடைசி வாக்கியத்தை நிஜமாகவே கோபமாகக் கேட்டார். பம்பர் கெட்டுப்போனால் லைனில் கேட்கிற அதே கோபம். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“பச்சையாத் தெரிஞ்சாலும் நாந்தான? இதச் சொல்லக் கூடாதா இத்தன நாளும்?”

அண்ணி இரண்டு போனையும் வாங்கினார், கையில் வைத்துப் பார்த்தார், பெரியவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னவனை நீட்டினார். “இது கைக்கு அடங்குது. இதையே வாங்குங்க. கலரு சரியில்லன்னு தோணுச்சுன்னா பஸ் ஏறி வந்து சரிபாத்துட்டுப் போங்க.” எங்கள் அறையில் மாதக்கணக்கில் முடியாத விவகாரம், காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு என் ஆர்.சி. புக்கும் திரும்பக் கிடைத்தது.

கல்யாணத்தில் மட்டும் சும்மா இருந்தாரா? மணமேடையில் தாலி கட்டிய கையோடு போட்டோக்காரரைக் கூப்பிட்டு, “முகத்துல கை வைக்கப்பிடாது, கலர் எப்பிடியோ அப்பிடியே வரணும்” என்று எச்சரித்தார். போட்டோக்காரரோ பழக்கதோஷத்தில் வெள்ளையடித்து ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அண்ணன் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி திருப்பி அனுப்பினார். போட்டோக்காரர் என் நம்பரைத் தேடிப்பிடித்து என்னிடம் அழுதார். இங்கேயும் நான்தான்.

போன வாரம் என் மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது குன்றத்தூரில் இருக்கிறார்கள். அண்ணி அந்த ஆல்பத்தைக் காட்டினார். பட்டுப்புடவையில், மாலையில், தன் சொந்த நிறத்தில் அப்படியொரு அழகாக இருந்தார் அண்ணி. என் மனைவி ஒவ்வொரு பக்கமாக, ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து விரித்தாள். பவுடர் கொட்டிய மாதிரி வெள்ளை வெளேரென்று என் பக்கத்தில் நிற்கிற பெண்ணைக் காட்டி, “யாருங்க இவ? நீங்க ஏன் அன்னைக்கே போட்டோக்காரர ஒரு வார்த்தை கேக்கல?” என்றாள். நாலு நாளாகச் சரியான பேச்சில்லை. எல்லாம் அந்த மனுஷனால்தான். இருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.